சத்திரத்தில் ஒரு குடும்பம்

நம் ஊரில் சத்திரம் என்றால் சோறு உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் நாலு வேலி நிலத்தை எழுதி வைத்திருப்பார். வெறுங்கையோடு போய் உட்கார்ந்தாலும் இலை விழும். பிரெஞ்சுக்காரர்கள் பேச்சில் வேறொரு சத்திரம் இருக்கிறது. 'ஸ்பானிஷ் சத்திரம்' என்பார்கள். அங்கே படுக்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். நீங்கள் கட்டிக்கொண்டு போவதுதான் சாப்பாடு. புளிசாதம் கொண்டு போனால் புளிசாதம். ஒன்றும் கொண்டு போகவில்லையா, வயிற்றில் ஈரத்துணி.

இந்தச் சொலவடையைத் தலைப்பாக வைத்து 2002-ல் ஒரு படம் வந்தது. இயக்குநர் செட்ரிக் க்ளாபிஷ். இங்கிலீஷ்காரர்கள் இதற்கு ஊருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 'ஸ்பானிஷ் அபார்ட்மென்ட்', பிரிட்டனில் 'பாட் லக்'. பார்ஸலோனா நகரத்தில் ஒரு பெரிய பழைய ஃப்ளாட். அதில் ஏழு மாணவர்கள். பிரெஞ்சுக்காரன் ஒருவன், இங்கிலாந்துப் பெண் ஒருத்தி, இத்தாலிக்காரன், ஜெர்மன்காரன், டென்மார்க்காரன், ஒரு ஸ்பானிஷ் பெண், கடைசியாக வந்து சேரும் ஒரு பெல்ஜியப் பெண். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஏழு பேரும் ஒரு வருடம் சேர்ந்து இருக்கிறார்கள். பிரிகிறார்கள். சுபம்.

பிறகு எதற்கு இத்தனை வருடம் கழித்து இதைப் பற்றி ஒரு கட்டுரை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கும் குடும்பங்கள் இன்று தெருவுக்கு நாலு இருக்கின்றன. டப்ளினிலோ, மியூனிக்கிலோ, மெல்பர்னிலோ, முன்பின் தெரியாத ஐந்தாறு பேரோடு ஒரே சமையலறையைப் பங்கு போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை இருக்கிறது. "ரூம்மேட்ஸ் எல்லாம் ஃபேமிலி மாதிரிப்பா" என்று போனில் சொல்கிறது. கேட்கிற அப்பாவுக்கு ஒரு பக்கம் நிம்மதி, மறுபக்கம் லேசாக ஒரு வலி. நாம் இருக்க, இன்னொரு ஃபேமிலியா?

அந்த 'மாதிரி' என்ற வார்த்தைதான் விஷயம். வாடகையைப் பங்கு போடுகிறவர்கள் எப்போது குடும்பம் ஆகிறார்கள்? ஆகிறார்களா, இல்லை அப்படி நினைத்துக்கொள்கிறார்களா? இதை நேருக்கு நேராகக் கேட்ட படம் இது. பாதிக்கு நேர்மையாகப் பதில் சொன்னது. மீதிப் பாதியில் நைஸாக நழுவியது. இரண்டையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பின்னணி. ஐரோப்பாவில் 'எராஸ்மஸ்' என்று ஒரு மாணவர் பரிமாற்றத் திட்டம் இருக்கிறது. பல நாடுகளில் வாழ்ந்து, பல நாட்டு அறிஞர்களோடு கடிதம் எழுதியே காலம் தள்ளி 1536-ல் மறைந்த ஒரு டச்சு அறிஞரின் பெயர். 1987-ல் ஆரம்பித்தபோது 11 நாடுகள், 3,244 மாணவர்கள். இன்று வரை போய் வந்தவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். ஒரு நாட்டுக் கல்லூரியில் சேர்ந்தவன் ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ இன்னொரு நாட்டில் போய்ப் படித்துவிட்டு வரலாம். மதிப்பெண் செல்லும். உதவித்தொகை கொஞ்சம் உண்டு. கொஞ்சம்தான். பாக்கிக்கு அப்பா இருக்கிறார். 2004 முதல் 'எராஸ்மஸ் முண்டுஸ்' என்ற பெயரில் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் முதுகலைப் படிப்புக்கு உதவித்தொகை தருகிறார்கள். இந்திய மாணவர்களும் கணிசமாகப் பெறுகிறார்கள். ஆகவே இது ஏதோ வெள்ளைக்காரன் வீட்டு விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம்.

படத்தின் நாயகன் பொருளாதாரம் படிக்கும் பாரிஸ் இளைஞன். பிரெஞ்சில் 'ஸாவியே'. நமக்குச் சேவியர் என்றால் வசதி. நடித்தவர் ரொமான் துரிஸ். அப்பாவின் சிநேகிதர் நிதி அமைச்சகத்தில் ஒரு வேலை இருக்கிறது என்கிறார். ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டும், ஸ்பெயின் நாட்டுச் சந்தை பழகியிருக்க வேண்டும். சரி என்று கிளம்புகிறான். பாரிஸ் ஏர்போர்ட்டில் காதலி அழுகிறாள். அம்மா அழுகிறாள். பையனும் பின்னால் ஒளிந்துகொண்டு அழுகிறான். இதுவரை நம் மீனம்பாக்கம்தான்.

பார்ஸலோனாவில் ரூம் தேடி அலைந்து, கடைசியில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்து சேர்கிறான். குடியிருப்பவர்கள் அவனை உட்கார வைத்து இன்டர்வியூ எடுக்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி கேள்விகள். பாதியில் கேட்கிறவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிடுகிறது. ஆளாளுக்கு ஒரு மொழியில் கத்துகிறார்கள். வந்தவனை மறந்தே போகிறார்கள். நானோ நீங்களோ என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்போம். சேவியர் என்ன நினைக்கிறான் தெரியுமா? இவர்கள் என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமே கடவுளே என்று.

படத்திலேயே மிக நுட்பமான இடம் இது. அந்த இரைச்சலில் அவன் எதைக் கண்டான்? அவன் பெற்றோர் பிரிந்தவர்கள். அம்மாவோடு பேச்சு சாப்பாட்டு மேசையைத் தாண்டாது. சத்தமே இல்லாத வீட்டிலிருந்து வந்தவனுக்கு, சண்டை போட்டாலும் எழுந்து போகாமல் அதே சோபாவில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. உண்மைதானே? அந்நியர்கள் சண்டை போட்டால் பிரிந்து போவார்கள். வீட்டு மனிதர்கள் சண்டை போட்டால், "சாப்பிட வா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கூப்பிடுவார்கள்.

வணிகவியல் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் கணக்குதான் முதலில் கண்ணில் படும். என்ன செய்ய, வாங்கின பட்டம் அப்படி. இந்த வீட்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது 1932-ம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். நம் நாட்டுச் சட்டத்தில் சேர்ந்து இருப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று கூட்டாண்மை. அது ஒப்பந்தத்தால் வருவது. நீ இவ்வளவு, நான் இவ்வளவு. இன்னொன்று வருமான வரிக்காரர்கள் அங்கீகரிக்கிற 'பிரிக்கப்படாத இந்துக் குடும்பம்'. அதற்கு ஒப்பந்தம் தேவையில்லை. பிறந்தால் போதும், நீங்கள் உறுப்பினர்.

பார்ஸலோனா வீடு ஆரம்பத்தில் சுத்தமான கூட்டாண்மை. ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு. உன் பால் உன் தட்டில், என் சீஸ் என் தட்டில். வீட்டுக்காரர் வந்து வாடகையை ஏற்றுகிறேன் என்றதும் என்ன செய்கிறார்கள்? புத்தகத்தில் உள்ளபடியே செய்கிறார்கள். கணக்குப்பதிவியலில் 'கூட்டாளி சேர்ப்பு' என்று ஓர் அத்தியாயம் உண்டு. பாஸ் மார்க் வாங்க அதைப் படித்தே தீர வேண்டும். புதுக் கூட்டாளியைச் சேர், பங்கு விகிதத்தை மாற்று, முதலைக் கொண்டு வரச் சொல். அப்படி வந்து சேர்கிறவள்தான் பெல்ஜியத்துப் பெண் இஸபெல். அந்த அத்தியாயத்திலேயே 'நற்பெயர்' என்று ஓர் ஐட்டம் வரும். கண்ணால் பார்க்க முடியாத சொத்து. இஸபெல் கொண்டு வந்தது அதைத்தான். பெண்களை விரும்பும் பெண் அவள். அதை ஒரு பிரச்னையாகவும் ஆக்காமல், பிரசாரமாகவும் ஆக்காமல், சேவியருக்குக் கிடைத்த மிக நல்ல சிநேகிதியாக 2002-லேயே காட்டியதற்கு க்ளாபிஷுக்கு ஒரு சபாஷ். நடித்த செசில் து ஃபிரான்ஸுக்கு அந்த வருடப் படங்களுக்கான சீஸர் விருதுகளில் நம்பிக்கை நட்சத்திரம் விருது கிடைத்தது. வாங்க வேண்டியவர்தான்.

சரி, இந்தக் கூட்டாண்மை எப்போது குடும்பமாகிறது?

படத்தில் இரண்டு இடங்கள். ஒன்று, தொலைபேசி.

அந்த ஃப்ளாட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே போன். பக்கத்தில் ஒரு தாள். இன்னாரைக் கேட்டு இன்ன மொழியில் போன் வந்தால், 'அவர் வீட்டில் இல்லை, சாயங்காலம் வருவார்' என்று அந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் சேவியரின் அம்மா பாரிஸிலிருந்து கூப்பிடுகிறார். எடுப்பது இங்கிலாந்துப் பெண் வெண்டி. தாளைப் பார்த்துத் தப்பும் தவறுமாகப் பிரெஞ்சில் படிக்கிறாள். "ஓ, அவன் 'ஃபாக்'குக்குப் போயிருக்கிறானா?" என்கிறார் அம்மா. பிரெஞ்சில் கல்லூரிக்குச் செல்லமாக அப்படிச் சொல்வார்கள். இங்கிலீஷ் காதில் அது என்னவாக விழும் என்பதை இந்தப் பத்திரிகையில் அச்சேற்ற முடியாது. வெண்டி விழி பிதுங்கி நிற்கிறாள்.

தியேட்டர் மொத்தமும் சிரிக்கும் இடம். ஆனால் சிரித்து முடித்ததும் அந்தத் தாளை யோசித்துப் பாருங்கள். இல்லாதவனுக்காக, அவன் அம்மாவிடம், அவள் மொழியில் பதில் சொல்ல ஒருத்தி தயாராக இருக்கிறாள். குடும்பம் என்பதற்கு இதைவிடச் சின்ன விளக்கம் எனக்குத் தெரியாது. நீ இல்லாத நேரத்தில் உனக்காகப் பதில் சொல்ல ஆள் இருந்தால், அது வீடு. இல்லையென்றால் அறை.

இரண்டாவது, ஓட்டம்.

வெண்டியின் தம்பி வில்லியம் கொஞ்ச நாள் தங்க வருகிறான். வாயைத் திறந்தால் வம்பு. ஸ்பானிஷ்காரர்கள் என்றால் இப்படி, ஜெர்மன்காரர்கள் என்றால் அப்படி. ஜெர்மன் மாணவனிடம் நாஜி காலத்தை வைத்தே கிண்டல். வீட்டில் யாருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. இந்த நேரத்தில் இங்கிலாந்திலிருந்து வெண்டியின் காதலன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குகிறான். வெண்டியோ உள்ளே ஓர் அமெரிக்கனோடு இருக்கிறாள். தகவல் பரவுகிறது. ஆளாளுக்கு, கையிலிருக்கும் வேலையைப் போட்டது போட்டபடி, பார்ஸலோனா முழுக்க வெவ்வேறு தெருக்களிலிருந்து வீட்டை நோக்கி ஓடுகிறார்கள். திரையைத் துண்டு துண்டாகப் பிரித்து அத்தனை பேர் ஓட்டத்தையும் ஒரே நேரத்தில் காட்டுகிறார் க்ளாபிஷ். கடைசியில் காப்பாற்றுவது யார்? அதே வாயாடித் தம்பி. அக்கா இருந்த இடத்தில் தான் போய்ப் படுத்துக்கொண்டு, அந்த அமெரிக்கன் தன்னோடுதான் இருந்தான் என்று காட்டிவிடுகிறான்.

நியாயமா? கிடையாது. அந்த வந்த பையன் பாவம். ஆனால் குடும்பம் முதலில் நியாயம் பார்ப்பதில்லை. முதலில் காப்பாற்றும். கதவைச் சாத்திய பிறகுதான் நியாயம் பேசும்.

என் முதல் குறை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தப் படத்தில் கதவு சாத்தப்படவே இல்லை. காப்பாற்றுகிறார்கள், அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். நம் வீடுகளில் என்றால் அத்தை ஒருத்தி இருப்பாள். ஊர் போன பிறகு, "இங்கே வாடி" என்று கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பாள். அந்த அத்தை இல்லாதது ஜாலியாக இருக்கலாம். ஆனால் அந்த அத்தை இல்லாத வீட்டை முழுக் குடும்பம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சேவியர் விஷயத்தில் இது இன்னும் மோசம். ஊருக்கு வந்த புதிதில், தங்க இடமில்லாதபோது, அவனுக்கு ஹாலில் இடம் கொடுத்தது ஒரு பிரெஞ்சுத் தம்பதி. கணவர் நரம்பியல் மருத்துவர். புது மனைவிக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. அந்த மனைவியோடு இவன் உறவு வைத்துக்கொள்கிறான். பிறகு தலை சுற்றி, கண்ணெதிரே எராஸ்மஸ் கிழவர் எல்லாம் தோன்ற ஆரம்பித்ததும், அதே கணவரிடம்தான் மருத்துவம் பார்க்கப் போகிறான். படம் இதையும் ஓர் அனுபவம் என்ற கணக்கில் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறது.

கவனித்தீர்களா? படத்தில் நிஜமான குடித்தனம் என்று காட்டப்படுவது அந்த ஒரு தம்பதியைத்தான். அந்த வீடு வெறிச்சோடி, பேச்சில்லாமல், சுத்தமாக இருக்கிறது. மாணவர் வீடோ குப்பையும் கூச்சலுமாக, உயிரோடு இருக்கிறது. இது கொஞ்சம் போங்காட்டம். ஒரு பக்கத் தட்டில் ஏழு பேரை ஏற்றிவிட்டு, மறுபக்கம் இரண்டே பேரை, அதுவும் ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேரை வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும்? கல்யாணமானவர்கள் வீட்டிலும் சத்தம் உண்டு என்று காட்ட இயக்குநருக்கு மனமில்லை.

அடுத்த குறை, யார் அந்த வீட்டில் இல்லை என்பது.

வகுப்பில் ஒரு காட்சி. பேராசிரியர் கட்டலான் மொழியில் பாடம் எடுக்கிறார். கட்டலோனியா அவர்கள் ஊர், கட்டலான் அவர்கள் மொழி. ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் பல பத்தாண்டுகள் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் நுழையவிடாமல் ஒடுக்கப்பட்ட மொழி அது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக ஸ்பானிஷில் எடுக்க முடியுமா என்று இஸபெல் கேட்கிறாள். முடியாது, ஸ்பானிஷ் வேண்டுமென்றால் மாட்ரிட்டுக்குப் போ என்கிறார் அவர். பிறகு வெளியே உட்கார்ந்து இதைப் பற்றி விவாதிக்கிறார்கள். அப்போது காம்பியா நாட்டு வேர் கொண்ட கறுப்பின இளைஞன் ஒருவன் பேசுகிறான். தனக்கு ஓர் அடையாளம் மட்டும் இல்லை, உள்ளுக்குள் காம்பியாக்காரன், கூடவே கட்டலான்காரன், அதில் முரண் ஒன்றும் இல்லை என்கிறான்.

மொத்தப் படமும் இரண்டு மணி நேரம் மென்று முழுங்கிச் சொல்ல வருவதை அவன் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டான். கடைசியில் சேவியர், நான் ஒருவன் அல்ல, பலர், இந்த ஐரோப்பா மாதிரி ஒரு கலவை என்கிற பொருளில் பேசுவதெல்லாம் இவனிடம் கடன் வாங்கியதுதான். ஆனால் சொன்னவன் அந்தக் காட்சியோடு சரி. அப்புறம் வருவதே இல்லை. அந்த வீட்டின் இன்டர்வியூவுக்கு அவன் வந்திருந்தால் இடம் கிடைத்திருக்குமா? படம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஏழு நாடு கூடியிருக்கிறது, சரி. ஏழும் ஐரோப்பா. சத்திரத்தின் கதவு பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் திறந்திருக்கிறது.

அப்புறம் வாடகை. ஒரு காட்சியில் வாடகை ஏறுகிறது, ஆள் சேர்த்துச் சமாளிக்கிறார்கள். நல்ல காமெடி. அதே சூத்திரத்தை ஊர் முழுக்கப் போட்டுப் பாருங்கள். அறைக்கு ஓர் ஆள் என்று ஆறேழு பேர் சேர்ந்து கொடுக்கும் தொகையை, இரண்டு குழந்தைகளோடு உள்ள ஓர் உள்ளூர்த் தொழிலாளி கொடுக்க முடியுமா? 2024 ஜூலையில் பார்ஸலோனா மக்கள் தெருவில் இறங்கி, உணவகங்களில் உட்கார்ந்திருந்த சுற்றுலாப் பயணிகள் மீது பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். அதற்கு முந்தின மாதம்தான் அந்த நகர மேயர், சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் 10,101 ஃப்ளாட்டுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் இல்லாமல் செய்வோம் என்று அறிவித்தார். கோபம் சுற்றுலாக்காரர்கள் மீது, மாணவர்கள் மீது இல்லை, உண்மைதான். ஆனால் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகிறவனுக்கு ஊர் ஒரு செட் மட்டுமே என்கிற மனசு இரண்டுக்கும் பொதுவானது. படத்தில் பார்ஸலோனாக்காரர்கள் எத்தனை பேர் நினைவில் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்கள் போதும்.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் படத்தை ஏன் விட முடியவில்லை என்றால், க்ளாபிஷ் கதையை அங்கே நிறுத்தவில்லை. 2005-ல் 'ரஷ்யப் பொம்மைகள்'. 2013-ல் 'சீனப் புதிர்'. 2023-ல் 'கிரேக்க சாலட்' என்று ஒரு தொடர். அதே ஆட்கள், அதே நடிகர்கள், நிஜமாகவே வயதாகி வருகிறார்கள். ஒரு வருட சந்தோஷத்துக்கு இருபது வருட வரவு செலவுக் கணக்கு பார்த்த இயக்குநர்கள் அதிகம் இல்லை.

ரஷ்யப் பொம்மைகளில் அந்த வாயாடி வில்லியம் ஒரு ரஷ்ய நடனப் பெண்ணைக் கல்யாணம் செய்கிறான். பழைய வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடுகிறார்கள். உறவுமுறைப்படி பார்த்தால் யாரும் யாருக்கும் ஒன்றும் கிடையாது. ஆனால் சொந்தக்காரர்கள் வருகிற மாதிரி வருகிறார்கள். சேவியரும் வெண்டியும் ஜோடி சேர்கிறார்கள். இது சினிமா ஜோடனை இல்லை. 2014-ல் ஐரோப்பிய ஆணையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. எராஸ்மஸில் போனவர்களில் 27 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கைத் துணையை அங்கேதான் சந்தித்தார்களாம். அந்த ஜோடிகளுக்கு 1987 முதல் பிறந்த குழந்தைகள் சுமார் பத்து லட்சம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கல்வித் திட்டம் என்று ஆரம்பித்து இப்படி ஒரு ரிசல்ட்!

ஆனால் 'சீனப் புதிர்' வரும்போது சேவியரும் வெண்டியும் பிரிந்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள். வெண்டி பிள்ளைகளோடு நியூயார்க் போய்விடுகிறாள். பிள்ளைகளை விட்டு இருக்க முடியாமல் இவனும் பின்னாலேயே போகிறான். அங்கே அவனுக்குக் கை கொடுப்பது யார்? இஸபெல். அவளுக்கும் அவள் துணைவிக்கும் குழந்தை வேண்டும் என்றபோது உதவியவனும் இவன்தான். ஆக, வாடகைக்காகச் சேர்த்த புதுக் கூட்டாளி ரத்த உறவாகவே ஆகிவிட்டாள். மனைவியாக இருந்தவள் கூட்டாண்மைக் கலைப்பு என்ற அத்தியாயத்துக்குப் போய்விட்டாள்.

இங்கே நின்று கொஞ்சம் யோசிக்கலாம். ஏழு பேரோடு ஒரு வருடம் அவ்வளவு அழகாக இருந்தவன், ஒருத்தியோடு ஏன் நீடித்து இருக்க முடியவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் இது. ஏழு பேர் வீட்டில் கோபம் ஏழாகப் பிரிந்துவிடும். ஒருவனோடு சண்டை என்றால் இன்னொருவன் அறைக்குப் போய்ப் புலம்பலாம். சமாதானத்துக்கு எப்போதும் மூன்றாவது ஆள் இருப்பான். இரண்டு பேர் வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த வீட்டுக்குக் கடைசி தேதி இருந்தது. ஜூன் மாதம் ரிட்டர்ன் டிக்கெட். முடியப் போகிறது என்று தெரிந்தால் யாரையும் பொறுத்துக்கொள்ளலாம். ரயில் சிநேகம் இனிப்பதற்கும் இதே காரணம்தான். குடும்பத்தில் அந்தத் தேதி கிடையாது. அதுதான் அதன் கஷ்டம், அதுதான் அதன் அர்த்தம்.

முதல் படம் நழுவியது இந்த உண்மையிடமிருந்துதான். அந்தச் சந்தோஷத்துக்கு அன்பு மட்டுமே காரணம் என்று சொன்னது. காலண்டரும் ஒரு காரணம் என்று சொல்லவில்லை. மூன்றாம் படம் வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் காட்டிவிட்டது.

நாலாவதாக வந்த தொடரில் கணக்கு நேராகிறது. சேவியர்-வெண்டியின் பிள்ளைகளான டாமுக்கும் மியாவுக்கும் தாத்தா வழியாக ஏதென்ஸ் நகரத்தில் ஒரு பழைய கட்டடம் வந்து சேர்கிறது. மியா படிப்பை விட்டுவிட்டு, தஞ்சம் தேடி வருகிறவர்களுக்கு உதவுகிற வேலையில் இறங்கியிருக்கிறாள். அப்பா வாடகைக்கு இருந்தான், பிள்ளைகள் சொந்தக்காரர்கள். இப்போது இன்டர்வியூ எடுக்கிற நாற்காலியில் அவர்கள். யாரை உள்ளே விடுவது? முதல் படத்தில் அரை நிமிடம் பேசிவிட்டுக் காணாமல் போனானே, அந்த இளைஞனைப் போன்றவர்கள் இருபத்தோரு வருடம் கழித்துக் கதவைத் தட்டுகிறார்கள். தொடராகப் பார்த்தால் இழுவை உண்டு, அறிவுரை நெடியும் உண்டு. முதல் படத்தின் துள்ளல் இல்லை. ஆனால் விட்டுப்போன ஒரு பதிவைத் தேடி எடுத்துக் கணக்கில் சேர்த்த நேர்மைக்காகவே க்ளாபிஷை மன்னிக்கலாம்.

இதற்கிடையே உலகமும் மாறிவிட்டது. 2020 டிசம்பரில் பிரிட்டன் எராஸ்மஸிலிருந்தே வெளியேறுவதாக அறிவித்தது. வெண்டிகள் அந்தத் திட்டத்தில் போக வழியில்லாமல் ஆனது. 2025 டிசம்பரில்தான், 2027 முதல் மறுபடி சேர்கிறோம் என்று உடன்பாடு வந்திருக்கிறது. சண்டை போட்டுவிட்டுப் போன கூட்டாளி திரும்பி வந்து கதவைத் தட்டுவதும் சேர்ந்து வாழும் வீடுகளில் சகஜம்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் அந்தப் போன். இன்று அந்த ஃப்ளாட்டில் ஏழு பேர் இருந்தால் ஏழு செல்போன். அம்மா நேராகப் பிள்ளையையே கூப்பிடுவாள். வீடியோவில் முகம் தெரியும். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அவ்வளவும் கேட்டுவிடலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளுக்கு இனி வேலையில்லை. அடுத்த அறைக்காரியின் அம்மா என்ன மொழி பேசுவாள் என்று யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஒரே ஒரு பொது போன் இருந்ததால் வேறு வழியில்லாமல் ஏழு பேர் ஒருவருக்கொருவர் சொந்தமானார்கள். இன்று வழி இருக்கிறது. அதனால் சொந்தமாவதை நாமேதான் முயற்சி செய்து வரவழைக்க வேண்டியிருக்கிறது.

படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு பார்க்கலாம். இரண்டு மூன்று இடங்களில் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டு வாருங்கள்.

அப்புறம், வெளிநாட்டில் பிள்ளையை விட்டிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, 'என்ன சமைத்தாய்' என்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். பக்கத்து அறையில் இருக்கிறதே ஒரு பிள்ளை, அதற்கு உன் அம்மா பேர் தெரியுமா?

தெரியும் என்று பதில் வந்தால், அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.